இருபத்தோரு சாமான் மாவும் பக்கத்து வூட்டு ஆடும்

கொக்கியில் தொங்கிய துணிக் கால்சட்டைக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு, கபிலன் தராசில் ஆடிக்கொண்டிருந்தான். எங்கள் தெருமுனை பால்வாடியில் மாதத்துக்கு ஒரு நாள் இந்தக் காட்சி உண்டு. அவித்த கொண்டைக்கடலை வாசமும் பினாயில் வாசமும் கலந்து அடிக்கும். முள் நடுங்கி நிற்கும்வரை யாரும் பேசக் கூடாது. பேசினால் முள் தப்பாகக் காட்டும் என்பது டீச்சரின் நம்பிக்கை. நான் வேதியியல் படித்தவள், அப்படியெல்லாம் கிடையாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றேன்.

மூன்று மாதமாக அந்த முள் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. கபிலனுக்கு அப்போது ஒன்றரை வயது. வளர்ச்சி அட்டையில் பச்சைப் பட்டையில் போய்க்கொண்டிருந்த அவன் கோடு, மெல்லச் சரிந்து மஞ்சளுக்கு வந்துவிட்டது.

"அடுத்த மாசமும் ஏறலன்னா பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடுவேன். பெட்ல சேர்த்துப் பாப்பாங்க. அப்ப எங்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது" என்று முந்தின மாதமே டீச்சர் சொல்லியிருந்தார்.

முள் நின்றது. டீச்சர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எழுநூறு கிராம் ஏறியிருக்கு தமிழரசி. என்ன குடுத்த?"

அந்தக் கேள்விக்கான பதிலை நான் மாதக்கணக்காகத் தயாராக வைத்திருந்தேன்.

"வூட்டுலயே அரைச்ச சத்துமாவு டீச்சர். இருபத்தோரு சாமான்."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மஞ்சுளா, இடுப்பில் இருந்த மகளை இன்னொரு பக்கம் மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் மகளின் கோடு மஞ்சளையும் தாண்டிச் சிவப்புக்குப் பக்கத்தில் போய்விட்டிருந்தது. "அக்கா, எனக்கும் சொல்லுங்கக்கா" என்றாள்.

"இரு இரு. அடுத்த வாரம் அம்மாக்கள் கூட்டம் இருக்கு. அதுல எல்லாருக்கும் சேர்த்து தமிழரசியே சொல்லட்டும்" என்றார் டீச்சர்.

நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

சோப்புக்குப் பிறகு

போன வாரம் வீட்டில் சோப்பு காய்ச்சிய கதையை எழுதியிருந்தேன். அந்தச் சோப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அப்படியே இருக்கிறது. யாரும் தேய்க்கவில்லை.

அந்த நாட்களில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. வீட்டில் செய்ய முடிந்த எதையும் கடையில் வாங்கக் கூடாது. என் வீட்டுக்காரர் அரியலூர் டவுனில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டர் பார்க்கிறார். நான் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். யாழினிக்கு ஐந்து வயது, அதற்குப் பிறகு கபிலன். காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருப்பது எனக்கு வராது.

மஞ்சளை அவித்துக் காயவைத்து இடித்தேன். சின்ன வெங்காயம் மலிவாகக் கிடைத்த வாரத்தில் ஒரு மொட்டை மாடி நிறைய வடகம் உருட்டிக் காயவைத்தேன். சிமெண்ட் லாரி போகிற ரோடு ஓரத்து மாடி என்பதால் மூன்றாம் நாள் வடகம் சாம்பல் பூத்திருந்தது. அலசித் திரும்பக் காயவைத்தேன். சீயக்காய், பல்பொடி, தரை துடைக்கிற தண்ணீர் எல்லாம் வரிசையாக வந்தது.

"தீப்பெட்டியாவது வெளியில வாங்கிக்கலாமா?" என்று ஒரு நாள் வீட்டுக்காரர் கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

கரிசல் மண்ணுக்கு லக்கேஜ்

காய்கறித் தோட்டமும் இதே காலத்தில்தான். எங்கள் பக்கத்தில் யாருக்கும் தொட்டி வாங்குகிற பழக்கம் கிடையாது. சிமெண்ட் சாக்கு இருக்கும்போது தொட்டி எதற்கு? வீடு கட்டுகிறவர்களிடம் சொல்லி வைத்தால் கட்டாகவே தந்துவிடுவார்கள். மண்தான் பிரச்சினை. எங்கள் வீட்டு மண் வெளுப்பு, சுண்ணாம்புக் கல் கலந்தது. எனக்குப் பிறந்த வீடு பெரம்பலூர்ப் பக்கம், எறையூருக்கு அருகே. அங்கே கரிசல் மண்ணில் எதைப் போட்டாலும் வரும் என்று எனக்கு ஒரு நினைப்பு. எனவே ஒரு மூட்டை மண்ணைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"மூட்டைல என்னம்மா?" என்றார் கண்டக்டர்.

"மண்ணு."

"என்ன மண்ணு?"

"கரிசல் மண்ணுங்க."

அவர் கொஞ்ச நேரம் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "ஏன், அரியலூர்ல மண்ணு தீந்துபோச்சா?"

"இருக்குங்க. வெள்ளையா இருக்கு."

"லக்கேஜ் போடணும்."

"மண்ணுக்கா?"

"மனுசனுக்கே போடுறோம்" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அந்த மண்ணைக் கொட்டி, கத்தரியும் தக்காளியும் நட்டேன். இருபது நாளில் இலையெல்லாம் மஞ்சளடித்தது. பிடுங்கிப் பார்த்தால் சாக்கின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு இறுகிப் போயிருந்தது. சாக்கைக் கழுவ மறந்திருக்கிறேன். மிச்சமிருந்த சிமெண்டுக்கு நாள் தவறாமல் நானே காலையும் மாலையும் தண்ணீர் விட்டுப் பதப்படுத்தியிருக்கிறேன். எங்கள் தெருவில் இந்தத் தப்பை எல்லோரும் ஒரு முறை செய்வார்கள் என்று பிறகு தெரிந்தது. வேதியியல் படித்துவிட்டுச் செய்தது நான் ஒருத்திதான்.

இருபத்தொன்று

சத்துமாவுக்கு வருகிறேன்.

கேழ்வரகு, கம்பு, வரகு, சாமை, மக்காச்சோளம், சிவப்பரிசி, பாசிப்பயறு, கொள்ளு, உளுந்து, வேர்க்கடலை. வரதராஜன்பேட்டையில் இருக்கும் என் தோழி உடைந்த முந்திரி ஒரு பை கொடுத்திருந்தாள், அதுவும். இத்துடன் நிறுத்தியிருக்கலாம். செரிமானத்துக்கு நல்லது என்று ஓமமும் சுக்கும் சேர்த்தேன். எலும்புக்கு நல்லது என்று எள். எல்லாவற்றுக்கும் நல்லது என்று வெந்தயம். அலமாரியில் கண்ணில் பட்ட இன்னும் ஆறு, ஆக இருபத்தொன்று. இனிப்பு மட்டும் கிடையாது. குழந்தை நாக்கில் இனிப்பைப் பழக்கக் கூடாது என்று எங்கோ படித்திருந்தேன்.

தானியம், பயறு ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, இளம்சூட்டில் வறுத்தேன். நாலு நாள் வேலை. அரவை மிஷின் அண்ணன் டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"என்ன தங்கச்சி, மளிகைக் கடையவே தூக்கிட்டு வந்துட்டீங்க?"

"கைக்குழந்தைக்குச் சத்துமாவுண்ணே."

"வெந்தயம் போட்டிருக்கீங்களா?"

"ஆமாண்ணே."

"சுக்கு?"

"அதுவும்தான்."

"புள்ள என்ன தப்பு பண்ணுச்சு?"

எனக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளாமல் அரைத்து வாங்கி வந்தேன். ஆறு கிலோ.

முதல் கஞ்சியை வீட்டுக்காரர்தான் குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, "உடம்புக்கு நல்லதுன்னு தெரியுது" என்றார். அவர் எதையும் குறை சொல்லாத மனிதர். யாழினி ஒரு வாய் வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் மிஸ் காலையிலேயே கஞ்சி கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

கபிலன் பேச ஆரம்பித்திருக்கவில்லை. உதட்டை உள்ளே இழுத்து மடித்து வாயை மூடிக்கொள்வான். அந்த வாயைத் திறக்க நான் காக்காய் காட்டினேன், ரயில் விட்டேன், செல்போனில் பாட்டுப் போட்டேன். மூன்று ஸ்பூன் உள்ளே போகும். அதில் ஒன்று திரும்ப வரும்.

வேலியைத் தாண்டிய பாக்கெட்

பால்வாடியில் மாதா மாதம் பிள்ளைக்குச் சத்துமாவு பாக்கெட் தருவார்கள். வெல்லம் சேர்த்து வறுத்த மாவு. வெந்நீர் விட்டுப் பிசைந்தால் போதும், உருண்டை ரெடி. நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் அந்தப் பாக்கெட்டை வாங்காத வீடும் கிடையாது, அதைத் தின்னாத ஆடும் கிடையாது. சும்மா கொடுப்பது எப்படி நல்லதாக இருக்கும் என்று ஒரு எண்ணம். நான் அப்படிப் பாமரத்தனமாக நினைக்கவில்லை. பாக்கெட்டின் பின்புறம் அச்சடித்திருந்ததை முழுக்கப் படித்தேன். வெல்லம் என்று இருந்தது. அதனால் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். ஆக, தெருவில் எல்லோரும் படிக்காமல் செய்ததை நான் படித்துவிட்டுச் செய்தேன்.

பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி அக்காவிடம் ஒரு சினையாடு இருந்தது. நாற்பது வயசுக்காரி, நாள் முழுக்க ஏதாவது வேலை பார்த்துக்கொண்டே இருப்பாள். பாக்கெட் வந்த அன்றே வேலிக்கு மேலாக அவளிடம் நீட்டிவிடுவேன்.

"புள்ளைக்கு வேண்டாமா?" என்று முதல் முறை கேட்டாள்.

"வூட்டுலயே அரைச்சிருக்கேங்க்கா. இருபத்தோரு சாமான்."

"அப்ப சரி" என்று வாங்கிக்கொண்டாள்.

ஆடு தளதளவென்று ஆயிற்று. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இந்தப் பக்கம் கபிலனைக் குளிப்பாட்டும்போது என் விரலுக்கு விலா எலும்பு தட்டியது. ஒவ்வொரு நாளும் தடவி எண்ணுவேன். எண்ணிக்கை மாறாது என்று தெரியும், ஆனாலும் எண்ணுவேன். அம்மா போனில், "வாய்க்கு ருசியா எதாச்சும் குடுடி" என்றாள். சத்துக்கும் ருசிக்கும் உள்ள வேறுபாட்டை அவளுக்குப் பத்து நிமிஷம் விளக்கினேன். அவள் போனை வைத்துவிட்டாள். நான் வெந்தயத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

அதற்குப் பிறகுதான் அந்த எழுநூறு கிராம். மாவு மூன்று ஸ்பூன் போனாலே போதும், அவ்வளவு சத்து என்று எனக்குத் தோன்றியது. கணக்கு எங்கோ இடித்தது. சந்தோஷத்தில் அதைச் சரிபார்க்கவில்லை.

நாலு மணி

தினமும் மாலை நாலு மணிக்கு யாழினியைக் கூப்பிட்டுவர நான் பஸ் ஸ்டாப் வரை போவேன். போக வர, வேனுக்குக் காத்திருக்க எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். அந்த நேரத்துக்குக் கபிலனைப் பரமேஸ்வரி அக்காவிடம் விட்டுவிட்டுப் போவது வழக்கம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் ஸ்கூல் வேன் சீக்கிரம் வந்துவிட்டது. பத்து நிமிஷத்திலேயே திரும்பிவிட்டேன். அக்கா வீட்டுக் கொட்டகைப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது.

"ஒனக்கு ஒரு வாயி. இரு, அதுக்கு ஒரு வாயி. பறக்காத, ஒன்னோடத அது புடுங்கிடாது."

எட்டிப் பார்த்தேன். ஆட்டுக்கு முன்னால் அலுமினியச் சட்டி. அதற்குப் பக்கத்தில் சாக்கை விரித்து என் மகன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஒரு எவர்சில்வர் கிண்ணம். அக்கா பாக்கெட் மாவை வெந்நீரில் பிசைந்து அவனுக்கு ஒரு உருண்டை கொடுத்தாள், மிச்சத்தை ஆட்டுக்குக் கரைத்து ஊற்றினாள். கபிலன் இரண்டு கையாலும் தின்றான். கன்னம், மூக்கு, காது மடல் வரை மாவு. ஆட்டைப் பார்த்துக்கொண்டே மென்றான். ஆடும் அவனைப் பார்த்துக்கொண்டே மென்றது.

"தம்பி ஆட்டுச் சாப்பாட்டத் தின்னுறாம்மா" என்றாள் யாழினி.

அக்கா திரும்பினாள். கையெல்லாம் மாவு.

"எத்தினி நாளாக்கா?"

"ஒரு மாசம் இருக்கும் புள்ள. ஆட்டுக்குக் கலக்குறப்ப வந்து நின்னு வாயத் தொறந்தான். தொறந்த வாய வெச்சுக்கிட்டு நிக்கிறான், நான் என்னா பண்ணுவேன்? தனியா, சுத்தமாத்தான் பெசஞ்சு குடுத்தேன். ஆட்டுச் சட்டில குடுக்கல."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நீ நாலு நாளு மொளகட்டி, வறுத்து, அரைச்சு வெச்சிருக்க. படிச்ச புள்ள. எந்த வாயால சொல்றது?"

எனக்கு அழுகை வரும் போல இருந்தது, சிரிப்பும் வரும் போல இருந்தது. இரண்டும் வரவில்லை. வீட்டுக்குப் போய் என் மாவில் ஒரு கைப்பிடி கொண்டுவந்து ஆட்டுச் சட்டியில் போட்டுப் பார்த்தேன். ஒரு சோதனைக்காகத்தான். ஆடு முகர்ந்தது. ஒரு தும்மல் போட்டது. திரும்பிப் படுத்துக்கொண்டது.

கூட்டம்

மறுநாள் காலை பால்வாடியில் ஒன்பது அம்மாக்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். என் கையில் மாவு டப்பா. வேண்டாம் என்று நினைத்தும் பழக்கத்தில் எடுத்து வந்துவிட்டேன். பேசாமல் இருபத்தோரு சாமானையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. அக்கா வாயைத் திறக்க மாட்டாள். ஆடும்.

"சொல்லும்மா" என்றார் டீச்சர்.

முன்வரிசையில் மஞ்சுளா. மடியில் மகள், ஒல்லியான கழுத்து, பெரிய கண். மஞ்சுளா ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்திருந்தாள். பக்கத்தில் காலியாக ஒரு தூக்குவாளி, என் மாவில் கொஞ்சம் வாங்கிப்போக.

"அக்கா, மெதுவா சொல்லுங்க, எழுதிக்கிறேன். மொதல்ல என்ன, கேழ்வரகா?"

நான் அந்தத் தூக்குவாளியைப் பார்த்தேன்.

"எழுதாத மஞ்சுளா" என்றேன். "இத என் புள்ள திங்கல. அவன் எடை இதால ஏறல."

டீச்சர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார்.

"நீங்க குடுத்த பாக்கெட்ட நான் பக்கத்து வூட்டு ஆட்டுக்குக் குடுத்தேன் டீச்சர். என் புள்ள அங்க போயி ஆட்டோட உக்காந்து தின்னுருக்கான். ஒரு மாசமா. எனக்கே நேத்துதான் தெரியும்."

யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியும் தன் தன் பிள்ளையின் சட்டைப் பட்டனைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எங்க வூட்டுல மாட்டுக்குப் போடுவாங்க" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி, ரொம்ப மெதுவாக.

"எங்க வூட்ல கோழிக்கி."

"எங்க வூட்டுக்காரரு மீன் புடிக்க எடுத்துட்டுப் போவாரு" என்றாள் இன்னொருத்தி. "நல்லா மாட்டுதாம்."

டீச்சர் நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். "கையெழுத்து மட்டும் எல்லாரும் அழகாப் போட்டிருக்கீங்க" என்றார். அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மஞ்சுளா நோட்டை மூடினாள். "எங்க மாமியாரும் ஆட்டுக்குத்தான் வெக்கிறாங்க டீச்சர். நான் போயி கேட்டு வாங்கிடுறேன்" என்று தூக்குவாளியோடு எழுந்தாள். மாமியாரிடம் கேட்பது அவளுக்கு எவ்வளவு பெரிய வேலை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

கூட்டம் முடிந்ததும் டீச்சரிடம் போனேன். "எனக்கு ஒரு பாக்கெட் கெடைக்குமா?"

"இந்த மாசத்துது போன வாரமே வாங்கிட்டியே."

வாங்கியிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

பாதி பாக்கெட்

கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்டு ஒரு வீட்டு வாசலில் நிற்பது எனக்கு அதுதான் முதல் முறை. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். பரமேஸ்வரி அக்கா நான் வாயைத் திறக்கும் முன்பே உள்ளே போய், ஒரு முழுப் பாக்கெட்டும் ரப்பர் பேண்ட் போட்ட பாதிப் பாக்கெட்டும் கொண்டுவந்து நீட்டினாள்.

"அப்ப ஆட்டுக்கு என்னக்கா?"

"அது அகத்தித் தழையத் திங்கட்டும். அத எடை போட்டுப் பெரியாஸ்பத்திரிக்கா எழுதிக் குடுக்கப் போறாங்க?"

"கோவமாக்கா?"

"கோவம் என்னா கோவம். நாலு மணிக்கு அவன இங்க அனுப்புறத நிறுத்திடாத. அது தேடும்" என்று ஆட்டைக் காட்டினாள். பிறகு வேறு எதையோ தேடுவது போலக் கொட்டகைக்குள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து வெந்நீர் வைத்தேன். இரண்டு கைப்பிடி மாவைக் கிண்ணத்தில் கொட்டிப் பிசைந்தேன். அத்தனை மாதத்தில் அந்தப் பாக்கெட்டை நான் பிரித்ததே இல்லை. வறுத்த வாசமும் வெல்ல வாசமும் அடுப்படி முழுக்கப் பரவியது. ஒரு விள்ளல் என் வாயில் போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஹாலில் தவழ்ந்துகொண்டிருந்த கபிலன் நிமிர்ந்தான். சுவரைப் பிடித்து எழுந்து, தத்தித் தத்தி அடுப்படி வாசலுக்கு வந்து, என் புடவையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தான். காக்காய் இல்லை, ரயில் இல்லை, பாட்டு இல்லை. வாயைத் திறந்தான்.

என்னிடம் அவன் தானாக வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். உள்ளே முளைத்திருந்த பல்லெல்லாம் தெரிந்தது. ஓரத்தில் புதிதாக ஒன்று வந்திருந்தது, நான் பார்த்திருக்கவே இல்லை. உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் பொறுமை இழந்து "ம்" என்றான்.

ஊட்டினேன்.